பூஜைக்கு நேரம் போதுகிறது, மனதுக்குத்தான் எதுவும் போதவில்லை

கேள்வி: எனக்கு வயது 46. தினமும் காலையில் ஒன்றேகால் மணி நேரம் பூஜை செய்கிறேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் போனில் உபன்யாசம் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை செய்தும் மனதில் சந்தோஷம் இல்லை. பூஜை நடுவில் மாமியார் கூப்பிட்டால் எரிந்து விழுகிறேன். என் ஓரகத்தி புது வீடு கட்டியிருக்கிறாள், அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். அந்த வீட்டின் படங்களை ராத்திரி படுத்த பிறகு திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், தூக்கம் வருவதில்லை. விழாவுக்குப் போகாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று யோசிக்கிறேன். இத்தனை செய்தும் பகவான் ஏன் எனக்கு நிம்மதி தரவில்லை? ஏதாவது பரிகாரம் உண்டா? (சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.)
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் ‘இத்தனை செய்தும்’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது. அங்கிருந்தே தொடங்கலாம். பூஜையை நீங்கள் ஒரு கணக்காக வைத்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் விளக்கு, பூ, விரதம், பாராயணம். அந்தப் பக்கம் நிம்மதி. இந்தப் பக்கம் ஏற ஏற அந்தப் பக்கமும் ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஏறாதபோது கோபம் வருகிறது. பகவானிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை, அதனால் அது மாமியார் மேல் இறங்குகிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உண்மையாகப் பக்தி செய்கிறவர்களில் மிகப் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பரிகாரம் கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வேண்டாம். அதற்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இன்னொரு பரிகாரத்தைச் சேர்த்தால் கணக்கில் இன்னொரு வரி கூடும், அவ்வளவுதான்.

நாம் ‘சந்தோஷம்’ என்று சொல்லும்போது வெளியிலிருந்து வந்து சேரும் ஒரு உணர்ச்சியைத்தான் நினைக்கிறோம். பதஞ்சலி யோக சூத்திரத்தில் இந்தச் சொல் இருக்கும் இடம் வேறு. இரண்டாம் பாதம் 32ஆம் சூத்திரத்தில் ஐந்து நியமங்களைச் சொல்கிறார்: சௌசம் (தூய்மை), சந்தோஷம், தபஸ் (தவம்), ஸ்வாத்யாயம் (சாஸ்திரம் ஓதுதல்), ஈஸ்வர ப்ரணிதானம் (இறைவனிடம் ஒப்படைத்தல்). தூய்மையும் தவமும் போலச் சந்தோஷமும் தினமும் செய்ய வேண்டிய ஒரு காரியம். காலையில் குளிப்பது போல. குளித்தால்தான் உடம்பு சுத்தமாகும். ‘சுத்தமான பிறகு குளிக்கிறேன்’ என்று யாரும் காத்திருப்பதில்லை. 42ஆம் சூத்திரத்தில் அதன் பலன் வருகிறது: சந்தோஷத்தைப் பழகினால் அதற்கு மேல் இல்லாத சுகம் கிடைக்கும் என்று. ஆக, இருப்பது போதும் என்று இருக்கப் பழகுவது முன்னால், இன்பம் பின்னால். நீங்கள் இவ்வளவு நாளாக வரிசையை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள்.

தைத்திரீய உபநிஷத்தின் ஆனந்தவல்லியில் இதையே கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு இளைஞன். நல்லவன், படித்தவன், உறுதியும் பலமும் உள்ளவன். செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் அவனுக்குச் சொந்தம். அவனுடைய ஆனந்தத்தை ஒரு அளவு என்று வை என்கிறது உபநிஷத். அதைப் போல நூறு மடங்கு மனுஷ்ய கந்தர்வர்களின் ஆனந்தம். அதைப் போல நூறு மடங்கு தேவ கந்தர்வர்களுடையது. இப்படியே பித்ருக்கள், மூன்று வகைத் தேவர்கள், இந்திரன், பிருஹஸ்பதி, பிரஜாபதி என்று ஏறி, பிரம்மானந்தம் வரை பத்துப் படி. ஒவ்வொரு படியிலும் நூறு மடங்கு. எழுதிப் பார்த்தால் ஒன்றுக்குப் பின்னால் இருபது சைபர் வரும்.

ஆனால் அந்தப் பத்துப் படியிலும் விடாமல் ஒரு வரி திரும்ப வருகிறது: ‘ச்ரோத்ரியஸ்ய சாகாமஹதஸ்ய’. வேதம் கற்று, ஆசையால் அடிபடாமல் இருப்பவனுக்கும் இதே ஆனந்தம் உண்டு என்று பொருள். ‘அகாமஹத’ என்ற சொல்லைப் பாருங்கள். ஹதம் என்றால் அடிபட்டது. கல்லடி படுவது போல ஆசையடி படுவது. இந்திரனுக்குக் கிடைக்கும் ஆனந்தம் இந்திர லோகம் போகாமலே அந்த அடி படாதவனுக்குக் கிடைக்கிறது. அவன் எதையும் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை, அடி விழுவது நின்றிருக்கிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம் வருமே, அதுதான் இந்த அடி.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் சொந்த வீடு வேண்டும் என்று நினைப்பதே தப்பா’ என்று கேட்பீர்கள். இல்லை. தர்மத்துக்கு விரோதமில்லாத ஆசையாகவும் நானே இருக்கிறேன் என்கிறான் கண்ணன் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில். குடும்பத்துக்கு வீடு வேண்டும், அதற்குக் கணவரும் நீங்களும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் சேமிக்கிறீர்கள் என்றால் அதில் குறையே இல்லை. ‘அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை’ என்பது வேறு. அதில் வீடு ஒரு சாக்கு. நாளைக்கே உங்களுக்கு வீடு அமைந்தாலும் அந்த வாக்கியம் வேறொரு பொருளைத் தேடிப் போகும். அகிலமெல்லாம் கட்டி ஆண்டாலும் கடல் மீதும் ஆணை செல்ல வேண்டும் என்றுதான் நினைப்பார்கள் என்று தாயுமானவர் பாடியது இதைத்தான்.

இனி செய்ய வேண்டியது. இன்று ராத்திரியிலிருந்து போன் படுக்கையறைக்குள் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கீதை இரண்டாம் அத்தியாயம் 62, 63ஆம் சுலோகங்களில் ஒரு மனிதன் எப்படிச் சரிகிறான் என்று படிப்படியாக வருகிறது. ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைக்கிறான். அதில் பற்று வருகிறது. பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தில் நினைவு தப்புதல், நினைவு தப்பினால் புத்தி நாசம். முதல் படிக்குக் கீதை போட்டிருக்கும் சொல் ‘த்யாயத:’. தியானம் செய்கிறவனுக்கு என்று அர்த்தம். இருட்டு அறை, அசையாத உடம்பு, ஒரே பொருள் மேல் பார்வை, அரை மணி நேரம். ராத்திரியில் நீங்கள் செய்வது தியானமேதான், பொருள்தான் மாறியிருக்கிறது. காலைப் பூஜையில் மனம் குவியவில்லை என்றால் உங்களுக்குக் குவிக்கத் தெரியாததால் இல்லை. முந்தின ராத்திரி வேறொன்றில் குவித்துவிட்டு வருகிறீர்கள். இந்த ஏணியில் கோபம் வரை இறங்கிய பிறகு நிறுத்துவது மிகக் கஷ்டம். முதல் படியில் நிறுத்துவது, போனைக் கூடத்தில் வைத்துவிட்டு வரும் அளவு சுலபம்.

அடுத்து, பூஜையைக் குறையுங்கள். தவறாகப் படிக்கவில்லை, குறைக்கத்தான் சொல்கிறேன். ஒன்றேகால் மணி நேரத்தை 25 நிமிடமாக்குங்கள். விளக்கேற்றி, ஒரு இலையோ பூவோ சாத்திவிட்டு, மூன்று நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு ஒரே ஒரு பதிகத்திலிருந்தோ பாசுரத்திலிருந்தோ இரண்டு மூன்று பாட்டு, அர்த்தம் தெரிந்ததாக, நிதானமாக. ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். நீற்றறைக்குள் அடைக்கப்பட்டபோது அப்பர் பாடியதாக மரபு சொல்லும் பாட்டு அது. சுடும் அறைக்குள் இருந்துகொண்டு வீணை, நிலவு, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று அடுக்குகிறார். ஈசன் அடி நிழல் இப்படி இருக்கிறது என்று. அறை மாறட்டும், பிறகு பாடுகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

அதன் பிறகு ஜபம். இஷ்ட தெய்வம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. எந்த நாமம் உங்கள் வாயில் தானாக வருகிறதோ அதுவே போதும். ஒரு மாலை, 108. ஒரு மூச்சுக்கு ஒரு நாமம் என்றால் ஏழெட்டு நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டால் ஓடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாலையை நடுவிரலில் போட்டுக் கட்டைவிரலால் தள்ளுங்கள், ஆள்காட்டி விரல் படாமல். மாலை முடியும் இடத்தில் தனியாக இருக்கும் மேருமணி வந்தால் தாண்டாமல் திருப்பிக்கொள்ளுங்கள். மனம் ஓடும். ஓடியது தெரிந்த அந்த மணியிலிருந்தே தொடருங்கள். முதலிலிருந்து மறுபடி எண்ண வேண்டாம், தன்னைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம். திட்டுவது இன்னொரு ஓட்டம். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து, விளக்கின் சுடரைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையச் சொல்லுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் எதுவும் கேட்காமல் இருங்கள். இதுதான் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கப் போகிறது, அதனாலேயே இதை விட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டியது வரிசையாக மனதில் வரும். வரும்போது ‘வேண்டத்தக்கது அறிவோய் நீ’ என்ற மணிவாசகரின் ஒரு வரியைச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு எது வேண்டத் தக்கது என்பதே உனக்குத்தான் தெரியும் என்கிறார். பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டே அதைச் சொல்ல முடியாது.

ஜபத்தின் நடுவில் மாமியார் கூப்பிடுவார். 40ஆவது மணியில் இருந்தால் அந்த மணியில் மாலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போங்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து 41ஆவதிலிருந்து தொடருங்கள். இதனால் ஜபம் பின்னப்படாது. எரிந்து விழுந்தால்தான் பின்னப்படும். ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று அப்பர் இரண்டு கடன்களைப் பிரித்து வைத்திருக்கிறார். தாங்குவது அவன் வேலை, பணி செய்வது என் வேலை. கடைசி அடியை எல்லோரும் சொல்கிறோம், அதற்கு முந்திய அடியைத்தான் மறந்துவிடுகிறோம். நம் கவலைகளில் பெரும்பகுதி, அவன் செய்ய வேண்டிய வேலையை நாம் எடுத்து வைத்துக்கொண்டு திணறுவதால் வருகிறது.

மிச்சமாகும் ஐம்பது நிமிடத்தில் என்ன செய்வது? திருமூலர் நான்கு காரியம் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது ஒரு கைப்பிடி, பிறர்க்கு ஓர் இன்னுரை. நான்குக்கும் ‘யாவர்க்குமாம்’, எல்லோராலும் முடியும் என்கிறார். பச்சிலை பூஜையிலேயே ஆகிவிட்டது. மாட்டுக்குத் தீனி வைக்க வழியில்லையென்றால் ஏதாவது ஒரு வாயில்லா ஜீவனுக்கு வையுங்கள். கைப்பிடி என்பது சாப்பிட உட்காரும்போது, முதல் கவளத்துக்கு முன்னால், இன்னொருவருக்கென்று எடுத்து வைப்பது. மிஞ்சியதைக் கொடுப்பது இதில் சேராது. அந்த ஒரு பிடியில் ‘எனக்குப் போக மீதி இருக்கிறது’ என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. கை கற்றதை மனம் மெல்லப் பிடித்துக்கொள்ளும். நான்காவதான இன்னுரையை உங்கள் வீட்டில் முதலில் மாமியாரிடம் தொடங்குங்கள். காலையில் ஒரு வாக்கியம் போதும். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டு, பதில் முடியும் வரை நின்று கேளுங்கள்.

விரதத்தைப் பற்றி எழுத வேண்டியது அவசரமானது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறீர்கள். சில வகை மாத்திரைகளோடு பட்டினி இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளங்கள். செவ்வாய், வெள்ளியில் உங்கள் கோபம் கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் அதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். மருத்துவரிடம் கேட்கும் வரை விரதத்தை நிறுத்தி வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்று கீதை ஆறாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

அதற்குப் பதில் வேறொரு விரதம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் நோன்பின் விதிகளைச் சொல்கிறாள். நெய்யுண்ணோம், பாலுண்ணோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மூச்சில் ‘தீக்குறளை சென்றோதோம்’ என்கிறாள். ஒருவரைப் பற்றிக் கோள் சொல்ல மாட்டோம் என்று. கூடவே ஐயமும் பிச்சையும் முடிந்தவரை கொடுப்போம் என்கிறாள். முடிக்கும்போது ‘உகந்து’ என்று ஒரு சொல் வைக்கிறாள். மகிழ்ந்து செய்வதுதான் நோன்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு இருக்கும் பட்டினியை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, யாரைப் பற்றியும், குறிப்பாக ஓரகத்தியைப் பற்றி, எந்தப் பேச்சும் பேசாமல் இருங்கள். அம்மா வீட்டுக்குப் போன் பேசும்போதுதான் இது உடையும். உடைந்தால் அன்றே மறுபடி தொடங்கிவிடுங்கள்.

உபன்யாசத்தை நாள் முழுக்க ஓடவிடுவதையும் நிறுத்துங்கள். கேட்பது, கேட்டதைச் சிந்திப்பது, அதில் நிலைப்பது என்று மூன்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் முதலாவதிலேயே தங்கிவிட்டீர்கள். சாந்தோக்கிய உபநிஷத்தில் நாரதர் சனத்குமாரரிடம் வருகிறார். நான்கு வேதம், இதிகாச புராணம், கணிதம், தர்க்கம் என்று தாம் கற்றதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ‘மந்திரங்கள்தான் எனக்குத் தெரியும், ஆத்மாவைத் தெரியாது, நான் துக்கத்தில் இருக்கிறேன், என்னைக் கரை சேர்க்க வேண்டும்’ என்கிறார். கற்றதுக்குக் குறைவில்லாத ஒருவர் அப்படி வந்து நிற்கிறார். வாரத்துக்கு ஒரே ஒரு உரை, அதுவும் உட்கார்ந்து. அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டு வாரம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது சமையலைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் ஒரு மண்டலம், 48 நாள், செய்து பாருங்கள். முதல் இரண்டு வாரம் நன்றாக இருக்காது. கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் மூன்று வகைச் சுகம் வருகிறது. சாத்விக சுகம் தொடக்கத்தில் விஷம் போலவும் முடிவில் அமிர்தம் போலவும் இருக்கும், ராஜச சுகம் அதற்கு நேர்மாறு, தாமச சுகம் தூக்கத்திலும் சோம்பலிலும் கிடப்பது. போன் இல்லாத ராத்திரி வெறுமையாக இருக்கும். குறைந்த பூஜை குறைபட்ட பூஜையாகத் தோன்றும். அந்த நேரத்தில் பழையபடி நீட்டிவிடாதீர்கள். கண்ணீர் வருகிறதா, ஒளி தெரிகிறதா என்றும் தேடாதீர்கள். கோபம் வந்த பிறகு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் பாருங்கள். அரை நாள் எடுத்தது ஒரு மணி நேரமானால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

தூக்கமின்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனை விலக்கிய பிறகும் தூக்கம் வராமல், எதிலும் ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் மாறும் வயது, தைராய்டு, மன அழுத்த நோய் எதுவும் காரணமாக இருக்கலாம். பக்தி குறைந்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டு தாமதிக்காதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நாள் வந்தாலும் அன்றே கணவரிடம் சொல்லி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கிரகப்பிரவேசத்துக்குப் போங்கள். சுகமாக இருப்பவரிடம் மைத்ரி, நட்பு, வைக்கச் சொல்கிறார் பதஞ்சலி, அதனால் சித்தம் தெளியும் என்று. ஆனால் பொறாமை இருக்கும்போது நட்பைப் பாவனை செய்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதாகிவிடும், வீடு திரும்பியதும் இரட்டிப்பாக வலிக்கும். அதனால் உணர்ச்சியை விட்டுவிட்டு வேலையில் தொடங்குங்கள். முந்தின நாளே போன் செய்து, ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேளுங்கள். பந்தி பரிமாறும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலை இலையாகக் குனிந்து போகும்போது சுவரையும் தரையையும் பார்க்க நேரம் இருக்காது, சாப்பிடுகிறவர்களின் முகம்தான் தெரியும். அவள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, உண்மையிலேயே உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தை, ஜன்னலோ சமையல் மேடையோ, அதை மட்டும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றதற்குப் பேசாமல் இருங்கள், பொய் வேண்டாம். அந்த ராத்திரி கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலையில் வழக்கம்போல விளக்கேற்றி, அதே நாமத்தை அதே 108 முறை சொல்லுங்கள்.